இரண்டுமே முழு மனசு
டெல்டாவில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருவாரூரிலும் ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாலையில் அதே பஸ்ஸில் வயல்களுக்கு நடுவே இறங்கிப் போகிறவர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஆம்பிவலன்ட்.

விடைத்தாளில் இதற்குப் பொருள் கேட்டால், 'அக்கறை இல்லாதவர்', 'கருத்து எதுவும் இல்லாதவர்' என்று எழுதிவிடுகிறீர்கள். வாக்கியத்தில் வைக்கச் சொன்னால், எந்த அணி ஜெயித்தாலும் எனக்குச் சரிதான், நான் ஆம்பிவலன்ட் என்கிறீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். அவர்கள் எப்படியோ போகட்டும். நீங்கள் வழுக்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இந்தச் சொல் குறிக்கிற மனசு உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் போய் 'அக்கறை இல்லை' என்று பெயர் வைத்தால், பெற்றவர்களைப் பற்றியே தவறாக எழுதியதாக ஆகிவிடும்.

சொல்லுக்கு வயது அதிகமில்லை. சூரிச் நகரத்து மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த ஆய்கென் ப்ளாய்லர் 1910இல் பெர்ன் நகரில் ஆற்றிய உரையில் இதை முன்வைத்தார். ஸ்கிஸோஃப்ரீனியா என்ற பெயரையும் அவர்தான் உலகத்துக்குக் கொடுத்தவர். ஒரே ஆள், ஒரே பொருளின் மேல், ஒரே நேரத்தில், நேர் எதிரான இரண்டு உணர்ச்சிகளை வைத்திருப்பதைத் தம் நோயாளிகளிடம் பார்த்து, லத்தீனில் 'இரண்டும்' என்று பொருள்படும் வேரையும் 'வலிமை' என்று பொருள்படும் வேரையும் சேர்த்துச் சொல்லை உருவாக்கினார். அந்த மனசை அவர் மூன்று வகையாகவும் பிரித்தார்: உணர்ச்சியில் வருவது, விருப்பத்தில் வருவது, அறிவில் வருவது. ஃபிராய்டு அதை எடுத்துக்கொண்ட பிறகு ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி அது எல்லோருடைய சொல்லாகிவிட்டது. அந்த 'வலிமை' என்ற வேரை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு பக்கமும் பலம் இருக்கிறது. பாதி ஆசை, பாதி வெறுப்பு என்று கலந்து நீர்த்துப்போன நிலையை இது குறிக்காது. இரண்டுமே முழு மனசு.

நம் ஊரில் இதை விளக்க எனக்குப் புத்தகம் தேவையில்லை, ஐப்பசி மாதம் போதும்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 அன்று வழக்கம்போல மேட்டூர் அணை திறந்தார்கள். குறுவை போட்டோம். மேற்கே மழை ஏமாற்றிவிட்டது, அணையில் நீர் இறங்கிக்கொண்டே போனது. அக்டோபர் 10 அன்று டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். சம்பாவுக்கும் தாளடிக்கும் இனி வடகிழக்குப் பருவமழைதான் கதி. அதே வாரங்களில், அறுத்த குறுவை நெல் டி.பி.சி. என்று நாம் சொல்லும் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியல் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காலையில் சாலையோரம் பரப்பி, காலால் கிளறி, சாயங்காலம் குவித்து, படுதா போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கடல் பக்கம் வானம் கறுத்து இடி இடித்தால் அந்த விவசாயிக்கு என்ன தோன்றும்?

மழை வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி நாற்றங்காலில் அவருடைய தாளடி நாற்று வெளுத்துக்கொண்டிருக்கிறது. மழை வேண்டாம். படுதாவுக்குக் கீழே அவருடைய ஆறு மாதக் கடன் கிடக்கிறது. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்ற கணக்கு இங்கே இல்லை. இடிச் சத்தத்தில் எழுந்து உட்காருகிறவருக்கு ஆசையும் பயமும் ஒரே சத்தத்தில் வருகின்றன. அவரைப் பார்த்து 'மழையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இல்லை' என்று எழுத உங்களுக்குக் கை வருமா? அவர் ஆம்பிவலன்ட். அந்தச் சொல்லுக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் கிடைக்காது என்று நம்புகிறேன்.

காவிரி ஆற்று விஷயத்திலும் இதே கதைதான். 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது என்று நீளும் வழக்கில், மேல்மடைக்காரன் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் கோபம் சின்னக் கோபம் இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் அதே ஆட்கள்தான் கன்னம்பாடி அணை எத்தனை அடி, கபினி எத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்க்கிறார்கள். குடகில் கொட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். எவரோடு வழக்கோ அவர் அணை நிறைய வேண்டும் என்று மனசார விரும்புகிற கட்டாயம் கடைமடைக்காரனுக்கு இருக்கிறது. 2024இல் ஜூன் 12 அன்று மேட்டூர் மதகு திறக்கவில்லை. பம்புசெட் இல்லாதவர்களின் வயல் தரிசாகக் கிடந்தது. ஜூலை 28இல் திறந்தார்கள். ஜூலை 30இல் அணை 120 அடியைத் தொட்டது. உபரி வெள்ளம் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குப் போனது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் பார்த்த மகிழ்ச்சியும், குறுவை போன பிறகு வந்ததே என்ற எரிச்சலும் ஒரே படித்துறையில் நின்றன.

இப்படிப்பட்ட மனசை அளக்கிறவர்களும் தவறவிடுகிறார்கள். கருத்துக்கணிப்புப் படிவங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மிகவும் பிடிக்கும், பிடிக்கும், நடுநிலை, பிடிக்காது, அறவே பிடிக்காது. அக்கறையே இல்லாதவர் நடுவில் டிக் அடிப்பார். இரண்டு பக்கமும் இழுபடுகிறவருக்கும் அந்த நடுக் கட்டம்தான் கிடைக்கும். படிவத்தைப் பார்த்தால் இருவரும் ஒன்று. கல்மன் கப்லான் என்ற உளவியலாளர் 1972இல் இந்தச் சிக்கலையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு பிடிக்கிறது என்று தனியாகக் கேளுங்கள், எவ்வளவு பிடிக்கவில்லை என்று தனியாகக் கேளுங்கள் என்பது அவர் காட்டிய வழி. இரண்டுக்கும் 'ஒன்றுமில்லை' என்றால் அக்கறையின்மை. இரண்டுக்கும் 'நிறைய' என்றால் ஆம்பிவலன்ஸ்.

இந்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2003இல் விவசாயக் குடும்பங்களிடம் கேட்டபோது, வேறு வழி இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுவோம் என்ற பொருளில் நூற்றுக்கு 40 பேர் பதில் சொன்னார்கள். அந்த எண்ணைப் பத்திரிகைகள் இன்றைக்கும் எடுத்துப் போடுகின்றன. நான் அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் 'விட்டுவிடுவேன்' என்று சொன்ன அதே மனிதர், பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் நகையை அடகு வைத்தாவது வாங்கப் பார்ப்பார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது என்பார். நிலத்தை விற்கலாமா என்று அந்தப் பிள்ளை கேட்டால் இரண்டு நாள் பேச மாட்டார். முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போகிற படிவத்துக்கு இரண்டாம் பாதி தெரியாது. நாளைக்கு இப்படிப் படிவம் எழுதுகிற வேலைகளுக்குப் போகப்போகிறவர்கள் நீங்கள். மொழி படித்தவர்கள் அங்கே உட்கார்ந்தால் கேள்வி மாறும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது.

இனி சொல்லின் பயன்பாடு. ஆம்பிவலன்ட் என்றால் பின்னால் 'அபவுட்' வரும், 'டுவர்ட்ஸ்' என்றும் வரும். அழுத்தம் 'பி' என்ற இரண்டாம் அசையில். 'ஆம்பி-வேலன்ட்' என்று இரண்டாக உடைக்காதீர்கள். பேச்சுக்கு மிக்ஸ்ட் ஃபீலிங்ஸ் போதும், அதை எப்போதும் பன்மையில் சொல்லுங்கள். மனிதருடைய மனசுக்கு ஆம்பிவலன்ட். எழுத்தோ பேச்சோ இரண்டு பொருள் தந்தால் அது ஆம்பிகுவஸ். கல்லூரி விடைத்தாள்களில் இந்த இரண்டும் இடம் மாறுவதைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பிட்டர்ஸ்வீட் என்பது நிகழ்ச்சிக்கும் நினைவுக்கும் வரும்: அக்கா கல்யாணமாகிப் போகிற நாள் அப்படி. முடிவெடுக்க முடியாமல் நிற்கிறவர் நம் பேச்சில் மதில்மேல் பூனை. அவரிடம் ஆம்பிவலன்ஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருதலைக்கொள்ளி எறும்புக்கு இரண்டு பக்கமும் நெருப்பு, பிடித்தது எதுவும் இல்லை, அது டைலெமா. பட்டும் படாமலும், ஏனோதானோ என்று இருப்பவர் இன்டிஃபரன்ட். வேண்டாவெறுப்பாகச் செய்கிறவர் ரிலக்டன்ட். தமிழில் நீங்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதே இல்லை. 'ஏனோதானோன்னு இருக்கான்' என்பதற்கும் 'மனசு கேக்கல' என்பதற்கும் வித்தியாசம் பத்து வயதிலேயே தெரியும். அந்தக் காதை ஆங்கில வகுப்புக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாம்.

தமிழ்த்துறை நண்பர்களோடு சேர்ந்து நீங்கள் யோசிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்துக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் ஊடல். குறிஞ்சிக்குச் சேர்க்கை, பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருப்பு, நெய்தலுக்கு இரங்கல். இவை ஒவ்வொன்றிலும் மனசு ஒரே திசையில் ஓடுகிறது. நெல் விளையும் நிலத்துக்கு மட்டும் இரண்டு திசையில் இழுபடும் மனசைக் கொடுத்திருக்கிறார்கள். தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். தலைவிக்கு அவன் மேல் அன்பு போகவில்லை, கோபம் தணியவில்லை, உள்ளே விடவும் மனமில்லை, போகச் சொல்லவும் மனமில்லை. ஐங்குறுநூற்றின் முதல் நூறு, ஓரம்போகியார் பாடியது, முழுக்க இந்த நிலம்தான். வள்ளுவரும் காமத்துப்பாலைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்ற மூன்று அதிகாரங்களில் கொண்டுபோய் முடிக்கிறார். நூலின் 133ஆம் அதிகாரம், கடைசி அதிகாரம், சினத்தினுள் இருக்கும் மகிழ்ச்சியைப் பற்றியது.

ஒன்று சொல்ல வேண்டும். ஊடலைக் காதலுக்குச் சுவை சேர்க்கிற விளையாட்டு என்று மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மருதப் பாட்டுகளில் வருகிற அந்தப் பெண்ணின் கோபம் நியாயமான கோபம். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை என்பதும் அந்தப் பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு உணர்ச்சிக்கும் முழு எடை கொடுத்துப் படித்தால்தான் அவள் முழுசாகத் தெரிவாள். ஆம்பிவலன்ஸ் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டு மருதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஆங்கிலம் படித்ததன் பயன் அங்கே கிடைக்கும். அப்படியே தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கரை வேதபாடசாலையில் படித்து வீடு திரும்புகிற அப்பு, தன் தாய் அலங்காரத்தைப் பற்றி அறிந்துகொண்ட பிறகு அவளை வெறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் நிற்கிறான். அந்த நாவல் 1966இல் வந்தபோது எழுந்த கோபத்துக்கு ஒரு காரணம், அம்மா என்றால் ஒரே உணர்ச்சிதான் இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்த்தது என்பது என் கருத்து.

இதுவரை நிலம் வைத்திருப்பவரின் மனசைப் பற்றியே பேசிவிட்டேன். உங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய தாத்தாவுக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. பண்ணையாளாக இருந்தவர்கள். சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகள் இந்த மண்ணில்தான் நடந்தன. சங்கம் வைத்துப் போராடிய பிறகுதான் 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் தாத்தாவுக்கு எந்த மடை எந்த வயலுக்குப் பாயும் என்று நிலத்துக்காரரைவிடத் தெளிவாகத் தெரியும். நாற்றுக் கட்டைக் கையில் பிடித்ததும் பயிரின் நோவு தெரியும். அந்த அறிவின் மேல் அவருக்குப் பெருமை உண்டு. அதே வரப்பில் பட்ட அவமானமும் உண்டு. டெல்டாவின் பச்சையை வர்ணித்து ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிற பிள்ளைகள், அந்தப் பச்சையைப் பார்த்து வயிறு கலங்குகிற ஒருவரும் அதே ஊரில் இருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது சொந்த ஊர்தான்.

இன்றைக்கு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. முன்பு இருபது பேர் வரிசையாகக் குனிந்து அறுத்த வயலைப் பெல்ட் வண்டி சற்று நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு முதுகு பிழைத்தது, பிழைப்பு போயிற்று. இயந்திரம் வேண்டாம் என்று அவர்களில் யாரும் முழு மனசாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் மகள் அப்படிக் குனிய வேண்டாம் என்பது அவர்கள் ஆசை. வந்தது நல்லது என்றும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தை மாதத்தில் கையில் காசு இல்லை. இதை உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பார்க்கலாம்.

சொல்லைக் கற்றுக்கொண்டவர்கள் அதைத் தப்பான இடத்தில் பயன்படுத்தவும் கற்றுக்கொள்வார்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு பக்கம் உண்டு என்று சொல்லி நழுவுவதற்கு ஆம்பிவலன்ஸ் என்ற பெயர் பொருந்தாது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றி 'எனக்கு மிக்ஸ்ட் ஃபீலிங்ஸ்' என்று ஒருவர் சொன்னால், அவர் தன் பயத்துக்கோ தன் சாதிக்கோ மரியாதையான ஆங்கிலப் பெயர் தேடுகிறார் என்று பொருள். உண்மையில் இரண்டு உணர்ச்சி உள்ளவருக்குத் தூக்கம் கெடும். தூங்கிவிட்டு எழுந்து இந்தச் சொல்லைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இனி உங்கள் விஷயம். 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று பல வருடம் சாலையில் உட்கார்ந்து போராடிய ஊர்களுக்கு அது நிம்மதி. நானும் மகிழ்ந்தேன். அந்த ஊர்களில்தான் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போக வண்டி பார்க்கிற நீங்களும் இருக்கிறீர்கள். ஆலை வரக் கூடாது என்று கோஷம் போட்ட வாயே, பக்கத்தில் ஒரு வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்றும் சொல்கிறது. இதற்காக யாரும் உங்களைக் குழப்பவாதி என்று சொல்ல விடாதீர்கள். ஊரை விட்டால் போதும் என்ற மூச்சுமுட்டலும், ஊரை விட்டுப் போகிறோமே என்ற வலியும் ஒரே பெட்டியில் அடுக்கப்பட்டுத்தான் தஞ்சாவூர் ஜங்ஷனிலிருந்து கிளம்புகின்றன. போகிறவர்கள் போங்கள், தங்குகிறவர்கள் தங்குங்கள். இரண்டு முடிவுக்கும் என் ஆசி உண்டு. ஒரு முடிவு எடுத்த பிறகும் மற்ற உணர்ச்சி உள்ளே உயிரோடு இருக்கும் என்பதையும், அது இருப்பதால் முடிவு தவறாகிவிடாது என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு வேலை கொடுக்கிறேன், மதிப்பெண் கிடையாது. உங்கள் வீட்டில் யாருக்கு எதன் மேல் இப்படி இரண்டு மனசு இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நிலமோ, மழையோ, கட்டிக்கொடுத்த அக்காவோ, வளைகுடாவில் இருக்கும் அண்ணனோ, எதுவானாலும் சரி. அவரிடம் கப்லான் சொன்னபடியே இரண்டு கேள்வியாகக் கேளுங்கள்: பிடித்தது என்ன என்று ஒரு நாள், பிடிக்காதது என்ன என்று வேறொரு நாள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஆம்பிவலன்ட் என்ற சொல் அதில் ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது, வராமலே இருந்தால் இன்னும் நல்லது. எழுதியதைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். 'நான் அப்படிச் சொல்லல' என்று அவர் திருத்தினால், திருத்தியதை ஆங்கிலத்திலும் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆங்கில வாத்தியார்